ஜெர்மனே தகராறு, இதில் பிரெஞ்சு வேறா?

ஈரோடு பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். கடிதம் நீளம், சுருக்கம் இதுதான்.

சாக்சனி மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியல் முதுகலை படிக்கிறார், பாடம் முழுக்க ஆங்கிலத்தில். இரண்டு செமஸ்டர் முடிந்தது, இன்னும் ஒரு செமஸ்டர் வகுப்பு, அப்புறம் தீசிஸ். கோவையில் ஏ2 வரை ஜெர்மன் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார் (மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாக எண்ணுவார்கள்). அங்கே போய், ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 தேர்வு எழுதியதில் வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றும் தேறிவிட்டன, கேட்டலில் மட்டும் 53. இப்போது பல்கலைக்கழக மொழி மையத்தில் பிரெஞ்சு ஏ1 வகுப்பு வருகிறது, கட்டணம் கிடையாது. அறைத்தோழி கேமரூன் நாட்டுக்காரர், பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, சொல்லித்தருகிறேன் என்கிறார். கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ "பிரெஞ்சு ஒரு லெவல் முடிச்சுட்டா பிஆர் ஈஸிம்மா" என்கிறார், பிஆர் என்றால் நிரந்தரக் குடியிருப்பு. அப்பா தறி ஓட்டுகிறவர், படிப்புக் கடன் இருக்கிறது. "பி1 ஃபெயில் ஆயிட்டேன் மேடம். ஜெர்மன் எனக்கு வராதுன்னு தோணுது. பிரெஞ்சையும் சேர்த்து எடுக்கலாமா, இல்ல ஜெர்மனை விட்டுட்டு அதுக்கே போயிடலாமா? ரெண்டு பாஷை சேர்த்துப் படிச்சா குழம்பிடும்னு அம்மா சொல்றாங்க, அது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன ஒரு சம்பவம் இருக்கிறது, நான் அங்கேயே நின்றுவிட்டேன். பல் வலிக்காக மருத்துவரிடம் போனில் நேரம் வாங்கியிருக்கிறீர்கள். வரவேற்பறைப் பெண் "ஃபியர்டல் ட்ஸேன்" என்றார். ஃபியர்டல் என்றால் கால், ட்ஸேன் என்றால் பத்து, ஆக பத்தே கால் என்று எடுத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் பத்து மணிக்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கொடுத்த நேரம் 9.15. காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, அதுவும் பாதி புரியாமல், டிராம் நிறுத்தத்தில் வந்து அழுதிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வாரம்தான் பிரெஞ்சு வகுப்பைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள், தேதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த "ஃபியர்டல் ட்ஸேன்" உங்கள் தப்பே இல்லை. பாடப்புத்தகம் சொல்லித்தருவது "ஃபியர்டல் நாஹ் நொய்ன்", ஒன்பதுக்குப் பின் கால். சாக்சனியிலும் ஜெர்மனியின் கிழக்கிலும், தெற்கே சில பகுதிகளிலும், பத்தாவது மணியில் கால் பங்கு ஓடியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அதனால் 9.15 "கால் பத்து", 9.45 "முக்கால் பத்து". ஹாம்பர்க்கிலிருந்து வருகிற ஜெர்மன்காரரே இதில் ஒரு நிமிடம் முழிப்பார். தமிழ்க் காதுக்கு இது அச்சு அசலாகப் பத்தே கால் என்றே விழும், எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் விழுந்தது. பதினெட்டு வருடம் கோவையில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். நீங்கள் என் வகுப்பில் இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டு முதலில் சிரித்திருப்பேன், அப்புறம் "சரி விடு கண்ணு" என்றிருப்பேன்.

முதலில், நீங்கள் பி1 ஃபெயில் இல்லை

கோதேயின் பி1 தேர்வு நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 வந்தால் தேர்ச்சி. ஒரு பகுதி போனால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், மற்ற மூன்றும் உங்கள் கையிலேயே இருக்கும். நாலில் மூன்று முடித்துவிட்டு, நாலாவதில் ஏழு மதிப்பெண் குறைந்து நிற்கிறீர்கள். அரியர் வைத்து இன்ஜினியரிங் முடித்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம், ஒரு பேப்பர் பாக்கி இருப்பதற்கும் டிகிரி போய்விட்டதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா?

கேட்டலில் மட்டும் விழுந்ததற்குக் காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில், அறையில் ஆங்கிலம், பகுதிநேரமாகப் பார்க்கும் கிடங்கு வேலையில் காதில் ஹெட்போன், ஞாயிற்றுக்கிழமை தமிழ் நண்பர்களோடு பிரியாணி. ஜெர்மனியில் இருக்கிறீர்களே தவிர, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஜெர்மன் உங்கள் காதில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். குறை சொல்லவில்லை, முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏ1 வகுப்பு போல சுகமான இடம் உலகத்தில் கிடையாது. "என் பெயர் இது, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்" என்று சொன்னாலே ஆசிரியர் கைதட்டுவார், யாரும் போனில் கால் பத்து என்று சொல்லி மாட்டிவிட மாட்டார்கள். பி1-க்கும் பி2-க்கும் நடுவில் இருக்கிற இடம் வறண்ட பொட்டல். படித்தது தெரியாது, முன்னேறியதும் தெரியாது. அங்கே நிற்கும்போதுதான் புது மொழி மேல் ஆசை வரும். என் அலமாரியில் இத்தாலியன், ஸ்பானிஷ், ஜப்பானியம் மூன்றுக்கும் முதல் புத்தகம் இருக்கிறது, மூன்றிலும் ஐந்தாம் பாடத்துக்கு மேல் பென்சில் கோடு கிடையாது. அந்த மூன்றையும் வாங்கியது ஜெர்மன் சி1-க்கு நான் திண்டாடிக்கொண்டிருந்த வருடங்களில்.

சித்தப்பா சொன்ன கனடா கணக்கு

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. புள்ளி போட்டுக் குடியேற ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளிகள் உண்டு, 2023-இலிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனியாக அழைப்பும் விடுகிறார்கள், அதில் வெட்டுப்புள்ளி 400-க்கும் கீழே இறங்கியதும் உண்டு. மற்றவர்கள் 500-ஐத் தாண்டிக்கொண்டு நிற்கும்போது இது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் "ஒரு லெவல்" என்று சொன்னாரே, இடிக்கிற இடம் அதுதான்.

அந்தச் சலுகை கிடைக்க வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் நான்கிலும் என்சிஎல்சி என்கிற கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் 7 வேண்டும், நம் கணக்கில் அது ஏறக்குறைய பி2. நான்கில் ஒன்று 6 ஆகிவிட்டாலும் கிடையாது. அதுவும் டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வில் காட்ட வேண்டும். நம் ஊரில் அலியான்ஸ் பிரான்சேஸில் எல்லோரும் எழுதுகிற டெல்ஃப் சான்றிதழை இதற்கு ஏற்பதில்லை. தேர்வு முடிவும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்கிற வேலையும் நடக்காது.

இப்போது மணிக்கணக்கு. ஜெர்மன் பி2 வரை வர 600 முதல் 800 பாடவேளை ஆகும் என்பது கோதே நிறுவனத்தின் மதிப்பீடு, ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சுச் சொற்கள் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும், ஆகவே 500 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மொழி மைய வகுப்பு வாரத்துக்கு நான்கு பாடவேளை, செமஸ்டருக்குச் சுமார் பதினைந்து வாரம், மொத்தம் 60. ஐந்நூறை அறுபதால் வகுத்தால் எட்டு செமஸ்டருக்கு மேல் வருகிறது. உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு. அறைத்தோழி தினமும் பேசினாலும் இந்த இடைவெளி அடையாது, அவருக்கும் பரீட்சை இருக்கிறது பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சித்தப்பா சொல்லவில்லை, மறந்திருக்கலாம். உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பொறியியல் பட்டதாரி போகக்கூடிய வழி, திறன் தொழிலாளர் பிரிவு. அதில் நிற்கவே குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியான, சம்பளத்தோடு கூடிய திறன்வேலை அனுபவம் வேண்டும். பிஇ முடித்த கையோடு நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள், கிடங்கில் பெட்டி அடுக்கியது இதில் சேராது. சரி, அந்த ஓராண்டு வேலை எங்கே கிடைக்கும்? நீங்கள் இருக்கிற இடத்தில்தான் முதலில் தேடுவீர்கள். அங்கே வாகனத் துறையில், அதிலும் நடுத்தர நிறுவனங்களில், கூட்டம், மின்னஞ்சல், பட்டறைத் தளப் பேச்சு எல்லாமே ஜெர்மன். மாணவர்களுக்கான பகுதிநேர வேலை விளம்பரங்களைத் திறந்து பாருங்கள், பலவற்றில் பி2 ஜெர்மன் கேட்டிருப்பார்கள். ஐடி நிறுவனத்தில் ஆங்கிலத்தை வைத்து ஓட்டுகிற நண்பரைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடக் கூடாது, உங்கள் துறை வேறு. கனடாவுக்கே போவதாக இருந்தாலும் உங்கள் ரோடு ஜெர்மன் வழியாகத்தான் போகிறது.

கையில் இருப்பதன் மதிப்பு

ஜெர்மனியில் பட்டம் வாங்கியதும் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும், அந்தக் காலத்தில் எந்த வேலையும் பார்க்கலாம். தகுந்த வேலை கிடைத்து, ப்ளூ கார்டு என்கிற உயர்திறன் வேலை அனுமதி வாங்கினால் நிரந்தரக் குடியிருப்புக்கு 27 மாதம், பி1 இருந்தால் 21 மாதம். அந்த நாட்டிலேயே பட்டம் வாங்கியவர்களுக்கு, ப்ளூ கார்டு இல்லாத மற்றத் திறன்வேலை அனுமதியிலும் இரண்டு வருடத்தில் அது சாத்தியம், அதற்கும் பி1 கேட்கிறார்கள். குடியுரிமைக்கு ஐந்து வருடம், மொழித் தகுதி அதே பி1. இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் நேரத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரே ஒரு கேட்டல் பகுதி பாக்கி. இன்னொரு பக்கம் ஐந்நூறு பாடவேளை, ஓராண்டு அனுபவம், அன்றைக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத ஒரு வெட்டுப்புள்ளி.

பி1 போதும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் தப்பு. அது அலுவலகக் காகிதத்துக்குப் போதும், நேர்காணலுக்குப் போதாது. நம் ஊரில் ஹிந்தி பிரச்சார சபாவில் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று வரிசையாக எழுதினோமே, நீங்களும் விஷாரத் வரை போனதாக எழுதியிருக்கிறீர்கள். டெல்லி விமான நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் என்ன பேசினீர்கள்? "ஆங்கிலத்திலும் கையிலும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனையும் அந்தக் கதையாக்கிவிட்டுப் பிரெஞ்சுக்குப் போனால், சான்றிதழ் கோப்பு கனக்கும், வாய் திறக்காது.

அம்மா சொல்லும் குழப்பம்

அம்மா சொல்வது பொய் இல்லை, பயப்படுகிற அளவுக்கும் இல்லை. மூன்றாவதாக ஒரு மொழி படிக்கும்போது தாய்மொழி குறுக்கே வருவதைவிட, அரைகுறையாகத் தெரிந்த இன்னொரு அந்நிய மொழிதான் அதிகம் குறுக்கே வரும். பிரெஞ்சில் "ஆனால்" என்று சொல்லப்போவீர்கள், வாயில் "ஆபர்" என்று ஜெர்மன் வந்து நிற்கும், தமிழ் வராது. மூளை "அந்நியச் சரக்கு" என்று ஒரே அலமாரியில் இரண்டையும் போட்டுவைக்கிற மாதிரி. ஒரு மொழி நன்றாக ஊறிவிட்டால் இது தானாகக் குறையும், இரண்டும் பச்சையாக இருக்கும்போதுதான் தொல்லை.

உங்கள் விஷயத்தில் பால் வேறுபாடு என்று ஒரு தனி வம்பு இருக்கிறது. ஜெர்மனில் சூரியன் பெண், நிலா ஆண்: டி ஸோன்னே, டேர் மோண்ட். பிரெஞ்சில் அப்படியே தலைகீழ், லு ஸொலேய் ஆண், லா லூன் பெண். நம் வழக்கம் பிரெஞ்சுக்குத்தான் ஒத்துப்போகிறது. ஆனால் ஒன்றரை வருடம் உருப்போட்டு இப்போதுதான் உங்களுக்கு "டேர் மோண்ட்" யோசிக்காமல் வருகிறது, அதன் மேலேயே லா லூனைப் போட்டால் இரண்டும் ஆடும். இதை நான் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன், ஜெர்மன் கட்டுரையில் நிலா திடீரென்று பெண்ணாகிவிடும், ஏன் என்று கேட்டால் "நெட்பிளிக்ஸில் பிரெஞ்சு சீரியல் பார்க்கிறேன் மேடம்" என்பார்கள்.

"ஜெர்மன் எனக்கு வராது" என்கிறீர்களே, ஒரு விஷயத்தில் அது பிரெஞ்சைவிட நமக்குச் சொந்தக்காரன். "வைல் இஷ் கைனே ட்ஸைட் ஹாபே", எனக்கு நேரம் இல்லாததால். வினையைக் கடைசிக்குத் தள்ளுகிற அந்தத் துணைவாக்கியத்தில்தான் பல நாட்டுக்காரர்களும் வருடக்கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். தமிழன் பிறந்ததிலிருந்து அப்படித்தானே பேசுகிறான்? எழுதுதலில் நீங்கள் 81 வாங்கியிருக்கிறீர்கள், அது சும்மா வந்ததில்லை.

இலவச வகுப்பின் விலை

வகுப்புக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் வாரத்தில் இரண்டு மாலை, அதற்கான வீட்டுப்பாடம், எல்லாம் சேர்த்து ஆறேழு மணி நேரம் போகும். நீங்கள் கிடங்கு வேலையைக் குறைக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்த நேரம் ஜெர்மனிலிருந்தோ தீசிஸிலிருந்தோதான் வரும். தீசிஸ் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால், மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய மாதம் 992 யூரோ கணக்கிலேயே ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. வங்கிக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் தவணை விடுப்பு, வட்டி அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். படிப்பு இழுத்துக்கொண்டே போனால் அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஏன் என்று கேள்வி கேட்கவும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உரிமை உண்டு.

ஒருவேளை சேர்ந்தே ஆவீர்கள் என்றால், சேருமுன் உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறையை எடுத்துப் பாருங்கள். சில படிப்புகளில் மொழிப் பாடத்தை விருப்பப் பாடமாகக் கணக்கில் சேர்ப்பார்கள், பலவற்றில் கூடுதல் பாடமாக மட்டும்தான். சேருவதாக இருந்தால் கூடுதலாகவே பதிவு செய்யுங்கள், மதிப்பெண் குறைந்தாலும் தோற்றாலும் உங்கள் சராசரியைத் தொடாதபடி.

எப்போது "எடு" என்று சொல்வேன்

நீங்கள் சார்ப்ரூக்கனில் படித்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும், அங்கே டிராம் ஏறினால் பிரான்சில் இறங்கலாம், பிரெஞ்சு தெரிந்தவருக்கு எல்லையின் இரண்டு பக்கமும் வேலை. உங்கள் படிப்பில் ஒரு செமஸ்டர் பிரான்ஸ் போகிற ஏற்பாடு இருந்தாலும் இன்றைக்கே சேரச் சொல்லியிருப்பேன். ஜெர்மன் பி2 முடித்து, போனில் வீட்டுக்காரரோடு ஹீட்டர் ரிப்பேருக்குச் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டால், அப்போதும் தாராளமாக எடுக்கலாம். அப்புறம் ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு நான் தடையே சொல்ல மாட்டேன்: அந்த மொழி பிடித்திருக்கிறது என்பது. உங்கள் கடிதத்தில் பிரெஞ்சைப் பற்றி நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், மூன்றில் பிஆர் வருகிறது. நான்காவது, தோழி தன் அம்மாவிடம் போனில் பேசும்போது கேட்க நன்றாக இருக்கிறது என்பது. அந்த நான்காவதற்கு வகுப்பே வேண்டாம், சமைக்கும்போது இருபது நிமிடம் அவரிடமே நாலு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள், பதிலுக்கு நாலு தமிழ் வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். பரீட்சை, லெவல் எதுவும் வேண்டாம்.

இந்த செமஸ்டருக்கு வகுப்பு வேண்டுமென்றால், அதே மொழி மையத்தில் ஜெர்மன் பி2 இருக்கிறதா, உரையாடல் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிடங்கில் அனுமதித்தால் அந்த ஹெட்போனில் மெதுவாக வாசிக்கும் ஜெர்மன் செய்தி ஓடட்டும், டாய்ச்ச வெல்லே என்கிற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இதற்கென்றே ஞாயிறு தவிர தினமும் நிதான வேகத்தில் ஒன்று தருகிறது, எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், இரண்டாம் முறை பார்த்துக்கொண்டு, மூன்றாம் முறை திரும்பப் பார்க்காமல். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் கேட்டலில் ஐம்பதைத் தாண்டாமல் கிடந்த பலர் இதை விடாமல் செய்துதான் கரையேறினார்கள். கேட்டல் பகுதியை மட்டும் எழுத அடுத்த தேதி எப்போது என்று பார்த்துப் பணம் கட்டிவிடுங்கள். கட்டினால்தான் படிப்போம், எல்லோரும் அப்படித்தான்.

பல் வலிக்கு மறுபடி நேரம் வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் நாளைக்கே போன் போடுங்கள். அவர் "ஃபியர்டல்" என்று ஆரம்பித்ததும், "நொய்ன் உர் ஃபுயுன்ஃப்ட்ஸேன்?", அதாவது ஒன்பது மணி பதினைந்தா, என்று எண்ணைத் திருப்பிக் கேளுங்கள். "நூ" என்றால் சாக்சனியில் ஆமாம் என்று அர்த்தம்.